வால்வு கைடின் இறுக்கம்

வால்வைக் கைடுக்குள் விட்டு விரலை எடுக்கிறேன், பாதி இறங்கி நின்றுவிடுகிறது, விரல் நீளம்கூட இல்லாத வெண்கலக் குழாய், இதற்குள் ஏறி இறங்குவதுதான் வால்வின் வேலை, இன்னுங் கொஞ்சம் அகலப்படுத்தட்டுங்களா அம்மணி என்கிறார் சாதிக் பாய், பதினோரு வருடத்துக்கு முன்னும் இதே லேத் பட்டறையில், இதே காரின் எஞ்சினை வைத்துக்கொண்டு, இதையேதான் கேட்டார், அப்போது நான் டிப்ளமோ முடித்த திமிரில் இருந்தேன், அப்பா விட்டுப்போன ஐம்பத்தெட்டாம் வருடத்துக் கார் தெருவெல்லாம் நீலப்புகை கக்கிக்கொண்டு போவது எனக்கு அவமானமாக இருந்தது, வேண்டாம் பாய், இறுக்கமாவே இருக்கட்டும், எட்டு வால்வுக்கும் ஆயில் சீல் போட்டுடுங்க, ஒரு சொட்டு எண்ணெய் கீழ இறங்கி எரிஞ்சு புகையாகக் கூடாது, அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழைய எஞ்சின் அம்மணி, சீலே இல்லாம பொறந்தது, எண்ணெய் போகலீன்னா சூட்டுல வால்வு கைடோட புடிச்சுக்கும், சொன்னாரே, அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது, நான் சொன்னதைச் செய்யுங்க பாய் என்ற என் குரலும்.

புகை நின்றது, அண்ணன் குழந்தைவேலு சந்தோஷமாக வால்பாறைக்கு ஓட்டிக்கொண்டு போனான், நான் கூடப் போகவில்லை, ஆனாலும் கனவில் ஒவ்வொரு முறையும் பின்சீட்டில் இருக்கிறேன், கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் திணறுகிறது, நின்றுவிடுகிறது, கார் பின்னோக்கி உருள்கிறது, பிரேக்கை மிதிக்கிற அண்ணனின் வலது கால், பாறை, பிறகு ஆஸ்பத்திரி வாசம், முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடக்கும் போர்வை, எஞ்சினைப் பிரித்தவர்கள் வால்வு கைடோடு ஒட்டிக் கிடந்ததாகச் சொன்னார்கள், எல்லாம் அந்த பாய் பண்ணுன வேலை என்றான் அண்ணன், அதையே ஊரும் சொன்னது, இரண்டு வருடம் அவர் பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றி, அதே காரை எடுக்க வேண்டும் என்கிறான் அண்ணன், இந்த எஞ்சினைத் தொடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று பொய் சொல்லித்தான் கூட்டிவந்தேன், உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்கிறான், அகலப்படுத்துங்க பாய், சீல் காத்த உள்ள இழுக்கற நாலு வால்வுக்கு மட்டும் போதும், புகை வந்தா வரட்டும் என்கிறேன், சரி என்கிறார், ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், வெளியே வருகிறேன், ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், அண்ணா, அன்னைக்கு இறுக்கமா வெக்கச் சொன்னது நான், பாய் வேண்டாம்னு சொன்னாரு, நாந்தான் கேக்கல.

அண்ணன் என்னையே பார்க்கிறான், பிறகு ஊன்றுகோலை எடுத்து இறங்குகிறான், பட்டறைக்குள் ஒவ்வொரு அடியாகப் போகிறான், ஏன் பாய் எங்கிட்டச் சொல்லலீங்க, சாதிக் பாய் கையைத் துணியில் துடைக்கிறார், சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உங்காளுங்க உள்ள விடலீங்க, வண்டிய நீங்களே முடிச்சுக் குடுங்க என்று மட்டும் சொல்கிறான் அண்ணன், என்னைப் பார்க்காமல் கடந்துபோய் ஏறுகிறான், ஆட்டோ கிளம்பிவிடுகிறது, திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, உள்ளே ஸ்டூலை நகர்த்தும் சத்தம், வந்து உக்காருங்க அம்மணி என்கிறார் சாதிக் பாய், இன்னும் ஏழு கைடு அளக்கணும்.