ஆர்லிஸ் எடுத்துக்கொண்ட அசல் நோட்டுகள்

மேக்கன் நகரில் ஒடெஸா க்ரியரின் கடைக்கு வருகிறவர்கள் பணக்காரர்களாக நுழைந்து ஏழைகளாக வெளியேறுவது வழக்கம். அவள் யாருடைய பணத்தையும் பறிப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு அரசு அச்சடித்த நோட்டுகளையும் கடன் பத்திரங்களையும் பார்த்து, இன்றைக்கு என்ன விலை போகும் என்று சொல்வது அவள் தொழில். உண்மையைச் சொல்வதால் வரும் சேதத்துக்கு அவள் பொறுப்பில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆர்லிஸ் பூல் ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். பின்னாலேயே அவர் தங்கை வெர்னெல். அவள் கையில் ஒரு பழுப்பு உறை மட்டும்.

"வண்டியிலயே இருன்னு சொன்னேன்ல?"

"உன் மூஞ்சி போற போக்கப் பாக்க வேண்டாமா? அதுக்குத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா இறந்தபோது பெட்டி நிறைய நோட்டுகளும் தனியாக ஓர் உறையும் கிடைத்தன. உறையின் மேல் தாத்தாவின் கையெழுத்தில் 'கள்ள நோட்டு' என்று எழுதியிருந்தது. மூத்தவன் என்ற முறையில் ஆர்லிஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு உறையைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டார். அதோடு விட்டாரா? வருஷா வருஷம் நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "எலும்பெல்லாம் கள்ள நோட்டுக்காரிக்கு!" என்பார். ஊரே சிரிக்கும்.

"அம்பதாயிரம் தேறுமா, மிஸ் ஒடெஸா? ஒரு மீன்பிடிப் படகு பாத்து வச்சிருக்கேன்."

ஒடெஸா பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து அடுக்கினாள். இடப்பக்கம் மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

"இந்த நாப்பத்தொண்ணும் ஒரே நம்பர், மிஸ்டர் பூல்."

"அப்ப ரொம்ப அபூர்வம்னு சொல்லுங்க!"

"அசல் நோட்டுல நம்பரையும் கையெழுத்தையும் ஒருத்தர் உக்காந்து மையில எழுதியிருப்பாங்க. இது காலைல பால்ல போட்டுத் திங்கிற சீரியல் டப்பாக்குள்ள பிள்ளைங்களுக்கு இலவசமாப் போட்டது."

வெர்னெலுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

தேறியவை இரண்டு நூறு டாலர் நோட்டுகள். நடுவில் பருத்திக்காட்டில் களை கொத்தும் அடிமைகளின் படம். அந்தப் படத்தை ஒடெஸா எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பாள்.

ஆர்லிஸ் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க கறுப்பு ஜனங்களுக்கு இந்த நோட்டு மேல கோபந்தானே இருக்கணும்? நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு..."

"என் கொள்ளுப்பாட்டியோட அம்மாவ இந்த நோட்டக் குடுத்துத்தான் வாங்குனாங்க. மூவாயிரம் டாலர். அது நெசமா எவ்வளவு பெறும்னு பாக்கலாம்னு ஆரம்பிச்சேன்."

"எவ்வளவு பெறும்?" என்று கேட்டவள் வெர்னெல்.

"ரெண்டே வருஷத்துல தெக்கு தோத்து, அந்த நோட்டு அடுப்பு பத்தவைக்கத்தான் ஆச்சு. அந்தம்மா விடுதலையாகி, வாங்குனவன் வீட்டு முன்வாசல் வழியாவே நடந்து போயிருச்சு."

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு கடன் பத்திரத்தை எடுத்து மெதுவாக நீட்டினார். அதில் வெட்டிக் கொடுத்து வட்டி வாங்கும் சீட்டுகள் பாதிக்கு மேல் வெட்டப்படாமலே இருந்தன.

"இதுக்கு வட்டி ஏறிக்கிட்டே இருக்குமில்ல?"

"குடுக்க வேண்டிய அரசாங்கம் செத்து நூத்தம்பது வருஷமாச்சு. சுவத்துல மாட்ட யாராவது வாங்கிக்குவாங்க. எல்லாஞ் சேத்து முந்நூறு டாலர்."

ஆர்லிஸின் முகம் போன போக்கைப் பார்த்து வெர்னெலுக்குப் பரிதாபமே வந்துவிட்டது. அந்தப் பரிதாபத்தில்தான் தன் உறையை நீட்டினாள். "இதையும் பாத்துருங்க. கேட்டுச் சிரிக்கட்டும் பாவம்."

உள்ளே ஒரே ஒரு நோட்டு. அதன் கீழ் ஓரத்தைப் பார்த்ததும் ஒடெஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போர் நடக்குறப்ப வடக்க ஒரு கடைக்காரர் இத வேடிக்கைக்கு அச்சடிச்சு வித்தாரு. 'இது நகல்'னு ஓரத்துலயே போட்டு, தன் பேரையும் போட்டாரு. வாங்குனவனெல்லாம் ஓரத்த வெட்டிட்டு நெச நோட்டுன்னு தெக்க கொண்டாந்து மாத்திட்டான். ஓரம் வெட்டாதது கெடைக்கிறது கஷ்டம். கள்ள நோட்டுதாம்மா. நானூறுக்குக் கொறையாது."

ஆர்லிஸ் சுருட்டுப் பெட்டியை மறுபடி ஒடெஸா முன்னே தள்ளினார்.

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க மேடம். என்னுதுலயும் கள்ள நோட்டு இருக்கும்!"

"நாப்பத்தொண்ணு இருக்கே."

"அது இல்லைங்க. நல்ல கள்ள நோட்டு!"

வெர்னெல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். ஒடெஸாவும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆர்லிஸ், மொதல்ல எடுத்தது நீ. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"பாதிப் பாதி?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"ஒரு சல்லி கெடையாது."

நவம்பரில் அட்லாண்டாவில் ஏலம் நடந்தது. வெர்னெலின் நோட்டு நானூற்று முப்பதுக்குப் போனது. அந்தப் பணத்தில் கூடத்துக்கு ஒரு ஏசி வாங்கினாள். மறு வருஷம் ஆகஸ்ட் வெயிலில் ஆர்லிஸ் தினமும் மதியம் வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். அவள் போகச் சொல்லவில்லை. குளிருகிறது, கொஞ்சம் குறை என்று அவர் சொன்னபோது மட்டும், காது கேட்காதவள்போல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.