நாக்குக்காரியின் சாட்சி

கிழக்கு வெளுக்கும் முன்பே தண்ணீர்ப் படகு துறையில் வந்து முட்டி நின்றது. கூலியாட்கள் ஏழு பேரும் ரப்பர் குழாய்க்குத் தோள் கொடுத்தார்கள். துறையிலிருந்து மேட்டுத் தொட்டிவரை இருநூறு எட்டு, எல்லாம் ஏற்றம். பனியில் நனைந்த குழாய் வழுக்கிக்கொண்டே போனது. முந்தாநாள் தோல் உரிந்த இடத்திலேயே மறுபடியும் உரசி எரிந்தது. முன்னால் இழுத்த மொட்டை, "மெதுவா இழுங்கப்பா, பாம்பு முழிச்சுக்கப் போவுது" என்றான். சிரிக்க யாருக்கும் மூச்சில்லை.

குழாயை மாட்டிவிட்டால் மட்டும் மோட்டாரைப் போட்டுவிட முடியாது. நாக்குக்காரி சொல்ல வேண்டும். பேரைக் கேட்டு அவளை வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். படகின் வயிற்றில் மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தம்ளர் மொண்டு, வாயில் வைத்துக் கண்ணை மூடி, "சரி" என்பாள். அதன் பிறகுதான் தண்ணீர் மேலேறும். கடல் கசிந்த தண்ணீர் தொட்டியில் விழுந்துவிடக் கூடாதென்று, படகு வரத் தொடங்கிய நாளில் தீவுக்காரர்களே போட்ட கட்டுப்பாடு அது. பன்னிரண்டு வருஷமாக அவள் நாக்குதான் ஊருக்குக் காவல்.

அன்றைக்குப் படகு முதலாளியும் படகிலேயே வந்திருந்தார். யாரும் எதையும் தொடக் கூடாது, மானிய அதிகாரி வந்த பிறகு, அவர் கண்ணெதிரில்தான் தண்ணீர் ஏற வேண்டும் என்றார். ஏழு பேரும் குழாயின் மேலேயே உட்கார்ந்தார்கள். குடத்தோடு வந்த பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். வெயில் ஏறியது.

போன வருஷப் புயலில் கடல் ஊருக்குள் புகுந்து கிணறுகளைக் கெடுத்துவிட்டது. பதினோரு நாள் படகு வரவில்லை. ஜனங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அதன் பிறகுதான் தீவுகளின் அவசரக் குடிநீருக்கென்று மானியம் ஒன்று அறிவித்தார்கள். மழைத் தண்ணீர் பிடிக்க, புயலுக்கு அசையாத தொட்டி கட்ட, ஊர் தன் காலில் நிற்க. சந்தடி சாக்கில் முதலாளி தானே ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டார். தீவுக்குப் புதுத் தொட்டி எதற்கு, படகுத் தண்ணீரே அமிர்தம், அந்தப் பணத்தில் இன்னொரு படகு வாங்கினால் போதும் என்று. புயலில் படகு வராது என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் யார் வாயைத் திறப்பது? படகு திரும்ப வந்த கையோடு கூலியைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் அளந்தவர் அவர். முறைத்துக்கொண்டால் வீட்டில் உலை கொதிக்காது.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று நாக்குக்காரி சாட்சி சொல்லும் இடம்.

அவளுக்கு மனசு துறையில் இல்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள் ஏழு மாத வயிற்றோடு வந்து நாலு நாளாகிறது. வந்ததிலிருந்து தண்ணீரைக் குடிக்காமல் தள்ளிவிடுகிறாள். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. காலையிலும் தம்ளரை நகர்த்திவிட்டு, "கரிக்குதும்மா" என்றாள். இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே சரி சொல்கிற நாக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று திட்டிவிட்டு வந்திருந்தாள்.

விசைப்படகில் அதிகாரி வந்து இறங்கினார். இளம்பெண், கையில் கோப்பு, தோள்பையில் ஒரு பாட்டில் தண்ணீர். சோதனைச் சாலை முடிவு வரப் பத்து நாளாகும், மனுக் கொடுக்க இன்றே கடைசி நாள், பன்னிரண்டு மணிக்குத் தான் திரும்பியாக வேண்டும் என்றார். பிறகு இரண்டாம் அறையில் ஒரு தம்ளர் மொண்டு தரச் சொல்லி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"கரிக்குதே" என்றார்.

முதலாளி சிரித்தார். கடல் காற்றில் வந்த வாய் அப்படித்தான் இருக்கும், எங்கள் நாக்குக்காரியைக் கேளுங்கள் என்று தம்ளரை இவளிடம் நீட்டினார்.

குடித்தாள். நல்ல தண்ணீர்தான். "சரி" என்ற சொல் உதட்டுவரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது. காலையில் மகள் சொன்னதும் இதே வார்த்தை. இரண்டு பேருமே அக்கரையிலிருந்து வந்தவர்கள்.

"உங்க பாட்டில்ல ஒரு வாய் குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கினாள். குடித்தால் சப்பென்று இருந்தது. ருசியே இல்லை. மறுபடியும் படகுத் தண்ணீரைக் குடித்தாள். வாய்க்கு இதமாக, வீட்டுத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரே நாளில் கடல் உள்ளே வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். மாசத்துக்குக் கொஞ்சமாகக் கசிந்து கசிந்து, நாக்கையே பழக்கிவிட்டிருக்கிறது. இத்தனை நாள் ருசி என்று அவள் நினைத்ததெல்லாம் உப்பு.

உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு வருஷப் பிழைப்பு இந்த நிமிஷமே போய்விடும். ஊர் காறித் துப்பினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சொல்லாவிட்டால் தொட்டி வராது. பேரப்பிள்ளைக்கும் இதே தண்ணீர்தான்.

"எனக்குத் தெரியல மொதலாளி" என்றாள்.

"என்ன தெரியல?"

"உப்புத் தெரியல. என் நாக்கு செத்துப்போச்சு. எம்மக நாலு நாளாச் சொல்றா, நான் அவளத் திட்டினேன்."

வரிசையில் நின்ற ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எங்க புள்ளைங்களுக்கு இத்தன நாளா உப்புத் தண்ணியா ஊத்தினோம்?" என்று கேட்டாள். நாக்குக்காரி அவள் பக்கம் திரும்பினாள். கை கூப்பினாள். அவமானம் தாங்காமல் கண்ணில் நீர் முட்டியது.

முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. "ஒனக்கு வயசாச்சு. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றவர், மொட்டையைக் கூப்பிட்டார். "நீ குடிச்சுச் சொல்லு. இன்னையிலேர்ந்து ஒனக்கு முழுக் கூலி."

மொட்டைக்கு மூன்று குழந்தைகள். தம்ளரை வாங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

முதலாளி அதிகாரி பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"அதான் பயமா இருக்கு மொதலாளி" என்றான் மொட்டை. "நானும் இதத்தானே குடிக்கிறேன். அக்கா நாக்கு செத்ததுன்னா என் நாக்கு மட்டும் உசுரோடவா இருக்கும்? நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

தம்ளர் அடுத்தவனுக்குப் போனது. அவன் குடிக்காமலே பக்கத்தில் தள்ளினான். ஆறு கை மாறி, ஒரு வாயும் படாமல் அது படகின் விளிம்புக்கே திரும்பி வந்தது. மோட்டார்காரர் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய நிழல் என்றே பேர் வாங்கியவர். அவர் மெல்லக் குனிந்து மோட்டாரின் கைப்பிடியைக் கழற்றினார். எடுத்துக்கொண்டு வந்து குழாயின் மேல் மற்றவர்களோடு உட்கார்ந்தார்.

"சரிதான். இனி படகு வராது" என்றார் முதலாளி. "மேல தொட்டியில எத்தன நாளைக்கு இருக்குன்னு எண்ணிக்குங்க."

மூன்று நாளைக்கு இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். குடம் பிடித்த கைகள் இறுகின. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. சற்று முன் கேள்வி கேட்ட பெண் வந்து, நாக்குக்காரியை ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது. இதே மானியத்துக்கு எத்தனையோ தீவு கேட்டிருக்கு. மேல என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்கே தெரியாது. ஆனா நீங்க எழுதிக் குடுத்தா பன்னெண்டு மணிக்கு என் கையோட போகும்."

கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தார். ஏழு பேரில் ஓரளவு எழுதத் தெரிந்தவன் மொட்டைதான். தோள் எரிய, தாளைத் தொடை மேல் விரித்துக்கொண்டான். தண்ணீர் நல்லாயில்லை என்று ஆரம்பிக்கலாமா, தொட்டி வேண்டும் என்று ஆரம்பிக்கலாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் நாக்குக்காரியைப் பார்த்தான்.

"நீ சொல்லுக்கா. மொதல்ல என்ன எழுத?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு உப்புத் தெரியாமப் போச்சுன்னு எழுது."