ஊரில் இல்லாத பெயர்

பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கக்கூடத் தங்கப்பாண்டி இப்படி மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. துறைமுகச் சாலையில் அவருடைய கருப்பட்டி மிட்டாய்க் கடைக்குப் பெயர் ‘இயற்கை அங்காடி’. எதிரே ‘இயற்கை அகம்’, நாலு கடை தள்ளி ‘இயற்கை இல்லம்’. இவர் மிட்டாயில் ருசி கண்டவர்கள் மறுமுறை எதிர்க்கடையில் போய் நின்றார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்து புதுப் பெயர் தேடினார்.

“எம்பேர வைங்க” என்றாள் மனைவி பேச்சிச்செல்வி.

“வெளிநாட்டுக்காரன் வந்துபோற ரோடு ஏளா இது” என்று தட்டிக்கழித்தார்.

இயற்கைக்கு வெளிநாட்டில் என்ன சொல் என்று விசாரிக்கத் தேவபிரசாதத்தைப் பிடித்தார். அவன் கிளியரிங் ஏஜென்ட், கப்பலுக்குக் கப்பல் ஏறி இறங்குகிறவன். கண்ட மாலுமியையெல்லாம் கேட்டுவிட்டு வந்தான்.

“கிரேக்கக்காரன் ஃபிஸிஸ்ங்கான் அண்ணாச்சி. வளருததுன்னு அர்த்தமாம்.”

“சோடா பாட்டில் தொறந்த மாதிரில்லா இருக்கு. அடுத்தது?”

“அரபில தபீஆ. முத்திர குத்துததுலேருந்து வந்ததாம்.”

“கஸ்டம்ஸ் ஆபீஸ் ஞாவகம் வருது. சமஸ்கிருதம்?”

“பிரகிருதி. அந்தப் பேர்ல பியூட்டி பார்லர் இருக்கு. இத்தாலிக்காரன் நத்தூராங்கான். லத்தீன் வார்த்தையாம். பொறக்குததுன்னு அர்த்தம். ரஷ்யாக்காரனும் அவன் வார்த்தைக்கு அடி பொறப்புதாங்கான்.”

தங்கப்பாண்டிக்கு முகமெல்லாம் பல். மறுநாளே ‘நத்தூரா’ என்று எழுதப் பெயின்டர் இசக்கியப்பன் ஏணியைச் சாத்திவிட்டான்.

அடுப்படியிலிருந்து பேச்சிச்செல்வி வெளியே வந்தாள். “அது என்ன நத்தூரா?”

“பொறப்புன்னு அர்த்தம் ஏளா.”

“சரி. இந்தக் கடையப் பெத்தது யாரு?”

தங்கப்பாண்டியின் லாரி புக்கிங் ஆபீஸ் படுத்துப்போன வருடம், வீட்டு அடுப்பில் மிட்டாய் கிண்டித் தெருவில் விற்றவள் அவள். அவர் அன்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

“வாரவுக நத்தூராவையா தேடுதாவ? பேச்சியக்கா மிட்டாய் எங்கன்னுதான கேக்காவ. போர்டுல அந்தப் பேர் இல்லாமத்தான எதிர்க்கடைக்குப் போறாவ.”

இந்த யோசனை தனக்கு வராமல் போனதே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு வந்ததில் பெருமையாகவும் இருந்தது.

“பேச்சியக்கா மிட்டாய்னே எழுது” என்றார்.

இசக்கியப்பன் ஏணியிலிருந்து குனிந்தான். “கீழ உரிமையாளர்னு உங்க பேரப் போட்டுரவா அண்ணாச்சி?”

பேச்சிச்செல்வி உள்ளே போகாமல் நின்றாள்.

“அவ வீட்டுக்காரன்னு போடு” என்றார் தங்கப்பாண்டி. “எழுத்து சின்னதா இருந்தாப் போதும்.”