சொன்னதைச் சொல்லக் கூடாது

சர்ச் சபையிலிருந்து ஒரு வார ஊழியத்துக்குப் புறப்பட்ட பதினோரு பேரில் குழாய்க்காரருக்கு மட்டும்தான் உருப்படியாக ஒரு வேலை தெரியும். மற்ற பத்துப் பேரும் பாட வந்தவர்கள். அவர்கள் போய் இறங்கிய குழந்தைகள் இல்லத்தில் ஒழுகிக்கொண்டிருந்த ஒன்பது குழாய்களுக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை, வாஷர்தான் வேண்டியிருந்தது.

அவர் வந்த காரணம் வேறு. நாலு வருடத்துக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்தபோது, தம்பி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். அன்றிலிருந்து தம்பியைப் பார்த்தாலே இவருக்கு வாயில் கொழுக்கட்டை. கொழுக்கட்டையோடு சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் தம்பியைப் புகழ, "நானா கேட்டேன்? அவனா வந்து குடுத்தான்" என்று சொல்லிவைத்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன தம்பி அப்புறம் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனைவி மன்றாடினாள். அண்ணன் தம்பிக்குள் நன்றி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இவர் மழுப்பினார். ஆண்டவருக்கு ஒரு வாரம் உழைத்துவிட்டால் அது தம்பிக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய ஏற்பாடு. ஆண்டவரிடம் இதுபற்றிக் கலந்துபேசியதாகத் தெரியவில்லை.

இல்லத்தில் ஒரு சட்டம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை யாரும் தட்டில் கைவைக்கக் கூடாது. சட்டம் போட்டவர் பொறுப்பாளர் அக்காதான். இப்போது அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது, பிள்ளைகள் விடுவதில்லை.

பாடகர்கள் முன்னால் உட்கார்ந்து சுகம், பெலன், இரட்சிப்பு, பயணத்தில் பாதுகாப்பு என்று பெரியதையெல்லாம் அள்ளிக்கொண்டார்கள். பிள்ளைகள் அசரவில்லை. ஒருத்தி, இன்னும் அறுந்து விழாத சட்டைப் பொத்தானுக்கு நன்றி சொன்னாள். ஒருவன், பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடாததற்கு. பக்கத்துப் படுக்கைக்காரன், கனவில் வந்த நாய் கடிக்காததற்கு. இன்னொருத்தி, நேற்றுவரை ஒழுகிய குழாய்க்கு. அதன் அடியில்தான் அவளுடைய தக்காளிச் செடி இருந்ததாம். குழாய்க்காரர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

முப்பத்தேழு பிள்ளைகளும் முடித்தார்கள். கடைசியாக வந்து உட்கார்ந்த குழாய்க்காரரின் முறை.

சாப்பாடு என்றார். சொல்லியாச்சு என்றது கூடம். குடும்பம் என்றார். அதுவும் சொல்லியாச்சு. மழைக்கும் அதே கதி. எல்லாவற்றுக்கும் நன்றி என்று மொத்தமாகக் கட்டி முடிக்கப் பார்த்தார். அது செல்லாது என்றாள் தக்காளிச் செடிக்காரி. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எதிரே இருந்த பொடியனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உடம்புல நெறைய மிச்சம் இருக்கு அங்கிள். காதும் மூக்கும் மட்டும்தான் சொல்லியாச்சு."

குழாய்க்காரரின் கை அடிவயிற்றுப் பக்கம் போனது. "கிட்னி" என்றார். "என் தம்பி குடுத்தது."

கூடமே அவரை மரியாதையோடு திரும்பிப் பார்த்தது. இதுவரை யாருக்கும் தோன்றாத சாமான். பாடகர்கள் அல்லேலூயா என்றார்கள். கைகள் தட்டுக்குப் போகும் நேரத்தில் தக்காளிச் செடிக்காரி எழுந்து நின்றாள். ஆள் கொடுத்தது என்றால் முதலில் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கடவுளிடம். அதுவும் சட்டத்தில் இருந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் அவருக்கு வராததொன்றுமில்லை. ஆனால் முப்பத்தேழு பசித்த முகங்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. இல்லை என்று தலையாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

தம்பி முதல் மணியிலேயே எடுத்தான். "என்னாச்சுண்ணா? கிட்னிக்கு ஏதாவதா?"

ஒரு வருடம் பேசாதவனுக்கு முதலில் வந்தது அந்தப் பயம்தான். குழாய்க்காரருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல. அன்னைக்குப் பந்தியில அப்படிப் பேசியிருக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நன்றிடா."



"நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாண்ணா?" என்றான் தம்பி. "நீ கேக்கட்டும்னு நான் இருந்திருந்தா, நீ இருந்திருக்க மாட்ட. அதான் நானா வந்தேன்."

குழாய்க்காரர் அழுதார். முப்பத்தேழு பிள்ளைகள் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். தக்காளிச் செடிக்காரி அவரைச் சற்று நேரம் கவனித்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

தம்பி போனை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. இடது கையால் அதைக் காதில் பிடித்தபடியே, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தார்.