வெள்ளிக்கிழமைக் குற்றவாளி

ஒரு வருஷமாக நான் வாராவாரம் யாரையாவது கொன்றுகொண்டிருக்கிறேன். கொல்லாத வாரம் சங்கிலி அறுப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் வரும் குற்ற நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களுக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் ஸ்டான்லி. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குற்றவாளி.

நானாகத் தேடிப் போகவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பில் ஷூட்டிங் நடந்தது, வேடிக்கை பார்க்க நின்றேன். கூட்டத்தில் என்னைப் பார்த்த டைரக்டர், "அந்த மூஞ்சி கரெக்டா இருக்கு, கூப்பிடு" என்றார். எதற்குக் கரெக்ட் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு டீச்சரம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு மணலில் ஓடினேன். போலீஸாக நடிப்பவர் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிவப்பான ஆள். மனுஷனுக்கு மணலில் ஓட வராது. பாவம், பிடிக்கட்டும் என்று நானே மெதுவாக ஓடுவேன்.

எங்கள் தெருவில் எனக்கு இருந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! செங்கல்பட்டுக்கு வெளியே, திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் எங்கள் காலனி. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. நான் திரையில் வந்தால் விசில் பறக்கும். அம்மா சந்திரம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். "ஏன்டா, எப்பப் பாத்தாலும் உன்னியே அடிக்கிறானுங்க? ஒரு வாட்டியாவது நீ அவன அடிக்கக் கூடாதா?" என்பாள். கம்பெனி பஸ்ஸில் ஏறினால், "இன்னா மச்சான், இந்த வாரம் யாரப் போட்ட?" என்று கேட்பார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

என் தங்கை ஷாரோன் மட்டும் விசிலடிக்க மாட்டாள். அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். டிவி யாரை எப்படிக் காட்டுகிறது, அதைப் பார்க்கிற ஜனங்களின் மனசு எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் படிப்பு. ஊசி போடாத டாக்டரும் உண்டு என்று அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. எங்கள் தெருவிலேயே முதல் டாக்டர் என்று பட்டம் வருவதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் கடைசி நேரத்தில் சிக்கல் வந்தது. ஒரு பரிசோதனையைச் செய்து இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் பாழ் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணா, ஒரு ஹெல்ப் பண்றியா?" என்றாள்.

"கேக்கணுமா? சொல்லு."

"அணுபுரத்துல ஒரு வூட்ல கொஞ்ச பேர உக்கார வெச்சு டிவி காட்டப் போறேன். முடிஞ்ச உடனே நீ ஜூஸ் எடுத்துகினு வந்து குடுக்கணும். அவ்ளோதான்."

"ப்பூ! இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?"

போன ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்குக்கு மட்டம் போட்டுவிட்டு அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அணு மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் குவார்ட்டர்ஸ் அது. ஷாரோனோடு படித்த வைஷாலியின் வீடு. வைஷாலியின் அம்மா லதா அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டி வைத்திருந்தார். அவர்கள் யாரும் பார்க்காமல் ஷாரோன் என்னைப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் விட்டாள். திராட்சை ஜூஸ் தயாராக இருந்தது. நான் காத்திருந்தேன்.

ஹாலில் டிவி சத்தம் கேட்டது. "அந்தக் கொடூரனின் கண்கள் அன்று யாரைத் தேடின?" என்று ஒரு கரகரக் குரல். அடுத்து ஓர் அலறல். அட, அது என் அலறல்! எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தப் பொண்ணு பாரேன், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணனுக்கு இப்படி ஒரு மரியாதையை ஏற்பாடு செய்திருக்கிறாளே என்று நினைத்தேன். எங்கள் தெருவே அந்த விசில் விசிலடித்தது, படித்தவர்கள் என்ன செய்வார்கள், கை தட்டுவார்களா, செல்ஃபி கேட்பார்களா? எவர்சில்வர் தட்டில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஹாலுக்குள் போனேன்.

யாரும் கை தட்டவில்லை. லதா அம்மாவின் கை சட்டென்று கழுத்துச் சங்கிலிக்குப் போனது. பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வைஷாலியின் அப்பா ஜானகிராமன் பாதி எழுந்து நின்றுகொண்டு, "யாருப்பா நீ? எப்படி உள்ள வந்த?" என்றார்.

சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஷாரோன் ஏதாவது சொல்லுவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் மூலையில் உட்கார்ந்து அவர்களுடைய கைகளைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் எழுதி முடிக்கும் வரை நான் அப்படியே நின்றேன்.

பிறகுதான் எழுந்து, "பயப்படாதீங்க, இவர் என் அண்ணன்தான். அந்த நிகழ்ச்சியில நடிக்கிறவர்" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது, சிரித்தார்கள். "அடேயப்பா, என்ன தத்ரூபம் தம்பி!" என்று ஜானகிராமன் கை கொடுத்தார். செல்ஃபியும் எடுத்தார்கள். நானும் நின்றேன், வேறென்ன செய்வது?

லதா அம்மா மட்டும் அதற்கு வரவில்லை. நான் காலித் தட்டை வைக்கச் சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. கை தானா போயிடுச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பரவால்லம்மா" என்றேன். பரவாயில்லையாம்! நான் என்ன தப்பு செய்தேன்? ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்குத்தான். அந்தச் சங்கிலியை நிஜமாகவே அறுத்துவிட்டு மாட்டிக்கொண்டதுபோல் உடம்பெல்லாம் கூசியது. தட்டை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஷாரோனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அண்ணா, மத்த வூடுங்கள்ல இதே ப்ரோக்ராம் காட்டுனேன். அங்கல்லாம் எங்கூட ஆராய்ச்சி பண்ற கேசவன் ஜூஸ் குடுத்தான். எல்லாரும் தேங்க்ஸ்னு வாங்கிக் குடிச்சாங்க. நீ போனா மட்டும்…" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எப்பவும்போல வந்திருக்க மாட்ட. ரிசல்ட் கெட்டுப்போயிருக்கும்."

"அந்தம்மா கழுத்தப் புடிச்சிகினு நின்னப்ப இன்னா எழுதின?"

"கழுத்தப் புடிச்சாங்கன்னு."

"என்னப் பத்தி?"

"உன்னப் பத்தி ஒண்ணும் எழுதலண்ணா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுடுண்ணா. எனக்கே வெக்கமா கீது."

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கிருபாகரன் வேலை கேட்டு சிறுசேரி போனபோது, கேட்டிலேயே செக்யூரிட்டி பையைக் கொட்டிப் பார்த்தானாம். அவன் எப்படிப் புலம்பினான்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வருஷமாக நான் மணலில் ஓடிய ஓட்டமெல்லாம் அவன் தலையிலும்தானே விடிந்திருக்கிறது? தூ, இதற்கா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்!

அப்போது அவளுடைய கைடு போன் செய்தார். பஸ் இரைச்சலில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். "பிரமாதம்மா! ஆனா ஒரு வீடு போதாது. சிறுசேரியில ரெண்டு அபார்ட்மெண்ட்ல பேசிட்டேன். உங்க அண்ணனே வரட்டும். அது முடிஞ்சா உன் பட்டத்துக்கு நான் கேரண்டி" என்றார்.

"சார், எங்க அண்ணன் இனிமே வரமாட்டாரு" என்றாள் ஷாரோன்.

"அப்ப என்னை ஒண்ணும் கேக்காதே. இத்தனை வருஷமும் வேஸ்ட்தான்."

அவள் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. போனைக் கையால் பொத்தி, "வரேன்னு சொல்லு" என்றேன்.

"வேணாண்ணா."

"டாக்டர் ஆவணுமா, வேணாமா? சொல்லுடி."

விசும்பிக்கொண்டே, "வருவாரு சார்" என்று சொல்லி போனை வைத்தாள். டீக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் தேற்றுவதற்காக, வெறும் கிண்டலுக்குத்தான் கேட்டேன்.

"இன்னிக்கு அயர்ன் பண்ண வெள்ளச் சட்டைல வந்துட்டேன். அங்க இன்னா போட்டுகினு வரது? இதேவா, இல்ல ஷூட்டிங்ல போடற அந்தக் கட்டம் போட்ட பழைய சட்டையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஷாரோன் சொன்னாள்: "கட்டம் போட்டது."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஏனென்றால், கேட்ட அந்த நொடியிலேயே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.