எல்லோருக்கும் தெரிந்த ரீல்

பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு, வாரந்தோறும் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடி வாசிக்கிற அந்த பப்புக்குள் மலாக்கி முதல்முறையாகக் கால் வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பிடிலையும் கொண்டுவந்திருந்தான். கை ஓடினால் வாசிப்பான். ஓடாவிட்டால் இனி அதைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான்.

"வாய்யா பெரிய மனுஷா," என்றான் புல்லாங்குழல்காரன் கோனல். "உன் நாற்காலில வந்து உக்கார்ற டூரிஸ்ட்டை விரட்டி விரட்டியே என் முட்டி தேஞ்சுபோச்சு. உக்காரு. நீயே முதல் மெட்டை எடு."

எதை எடுப்பது என்று மலாக்கி வாரக்கணக்கில் மண்டையை உடைத்திருந்தான். இந்தக் கிளேர் மாவட்டத்துப் பக்கம் ரீல் என்றால் வேகமான ஆட்ட மெட்டு; நேற்றுப் பிடில் வாங்கியவனுக்கும் தெரிந்த ரீல் ஒன்று உண்டு. பேர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் முதல் நாலு சுரம் காதில் விழுந்தால் போதும், மேசையில் இருக்கிற அத்தனை வாத்தியமும் கூடச் சேர்ந்து மேலே வந்து விழும். அந்தக் கூட்டத்தில் எவன் விரல் சறுக்கினாலும் கடவுளுக்கே தெரியாது. அவனுக்கு வேண்டியது அந்தக் கூட்டம்தான்.

எடுத்தான். முதல் பகுதி ஓடிவிட்டது. ஆனால் யாரும் சேரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பாவிகள், வாத்தியத்தையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோனல் கண்ணையே மூடிவிட்டான். பெரிய கை ஒன்று ரொம்ப நாள் கழித்து வந்தால், தனியாக வாசிக்கவிட்டுக் கேட்பது இங்கே மரியாதை. மலாக்கியே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறான். தனக்கும் செய்வார்கள் என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. கடைக்காரிகூட பியர் குழாயை மூடிவிட்டு நின்றாள்.

இரண்டாம் பகுதியில் விரல் மேலே ஏறவேண்டும். ஏறவில்லை. சுண்டுவிரல் தந்தியைத் தேடி எங்கோ விழுந்தது. மறுபடி முயன்றான், தாளமும் கழன்றது. சேருங்கடா, யாராவது சேருங்கடா என்று மனசு கிடந்து கதறியது.

கோனல் கண்ணைத் திறந்து அவன் கையைப் பார்த்தான். சட்டென்று குழலை எடுத்தான். மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். ரீல் பறந்தது. மலாக்கி தந்தியிலிருந்து வில்லைத் தூக்கிவிட்டான். அதனால் பாட்டில் ஒன்றும் குறையவில்லை.

முடிந்ததும், "நல்லா இருந்துச்சு, மலாக்கி," என்றான் கோனல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ஆமா, ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் கான்செர்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி வாசிக்கிற ஃபிடெல்மா.

இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் ஒருத்தரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. கேலி பண்ணுவார்கள், திட்டுவார்கள், அடுத்ததை எடுடா என்பார்கள். அந்த வார்த்தையைக் கற்றுக்குட்டிகளுக்குத்தான் வைத்திருந்தார்கள்.

"தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு, மலாக்கி பிடிலைப் பெட்டிக்குள் வைத்தான்.