மெரில் உட்கார்ந்த இடம்

செயின்ட் ஆஸ்வல்ட் ஆலயத்தில் எந்தப் பெஞ்சிலும் யாருடைய பேரும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. வடக்குக் கடலோர ஊர் ஒன்றில், குளிர்காலத்தில் முப்பது பேர்கூடத் தேறாத சின்ன எபிஸ்கோப்பல் கிறிஸ்தவச் சபை அது. துறைமுகத்தில் எந்தப் படகு எங்கே நிற்கும் என்று தெரிவதுபோல, எந்தக் குடும்பம் எங்கே உட்காரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சு தர்லோ குடும்பத்துடையது. குடும்பம் என்றால் இப்போது லியோனா மட்டும்தான்.

அவள் சுவரோரம் உட்காருவாள். நடைபாதை ஓரத்து இடம் மெரிலுடையது. மெரில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்த்தவர். ஒரு முழங்கால் சரியாக மடங்காது, நீட்டி வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அவர் இறந்து இது மூன்றாவது குளிர்காலம். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் அவளோடு வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஃப்ளோரிடாவிலிருந்து தங்கை நோரீன் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க காம்பவுண்ட்லயே ஒரு வீடு காலியாகுது. என் வீட்டு ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டா கேக்கும், அவ்வளவு பக்கம். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. அதுக்கு மேல அவங்க வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"யோசிக்கணும் நோரீன்."

"என்னத்த யோசிக்கப் போற? அங்க உனக்குன்னு யாரு இருக்காங்க அக்கா?"

லியோனா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, வாசலிலிருந்து தெரு வரைக்கும் பனி சுத்தமாக வழித்துத் தள்ளப்பட்டிருந்தது. யார் செய்தார்கள் என்று தெரியாது. அவள் எழுந்திருப்பதற்கு முன்பே யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

அந்த ஊரில் அன்பு இப்படித்தான் வரும், கதவைத் தட்டாமல். வாசல்படியில் மீன் சூப் பாத்திரம் இருக்கும். அவள் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறப்பதற்குள் கார் முனை திரும்பியிருக்கும். கொட்டகையில் விறகு குறையாது. ஆராதனை முடிந்து கூடத்தில் காபி குடிக்கும்போதும் அப்படியே. மெரில் இருந்தவரைக்கும் கோப்பைகளைக் கழுவுவது லியோனாவின் வேலை. தோழி டார்க்கஸ் துடைப்பாள், இருவரும் வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது அவள் தொட்டிப் பக்கம் போனாலே, "நீ போய் உக்காரு லியோனா, நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். கூடத்தின் ஒரே மெத்தை நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கையில் காபியும் மடியில் புளூபெர்ரி கேக்கும் கொடுத்துவிட்டு, எல்லோரும் தொட்டியருகே நின்று சிரிப்பார்கள்.

திருவிருந்தில் முழங்கால் போடும்போதுகூட அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் அடுத்தவர் மண்டியிடுவார். முதல் வருஷம் அவள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வருஷம் சோப்பை மாற்றினாள். கோட்டை வெயிலில் போட்டு, முகர்ந்து பார்த்தாள். அந்துருண்டை வாசனை லேசாக வந்தது. ஆனால் அந்தச் சபையில் யார் கோட்டில்தான் அது இல்லை?

ஆலயத்துக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தபோது அவள் பாதி முடிவு செய்திருந்தாள். போய்விடலாம்.

முதல் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது, குளிர்காற்று நடைபாதை நெடுக வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய உருவம். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஆரஞ்சு நிறச் சட்டை, டீசல் வாசனை, தாடியில் பனி. சுற்றிலும் பார்த்துவிட்டு நேராக மூன்றாவது பெஞ்சுக்கு வந்தான்.

"இங்க யாராவது வராங்களாம்மா?"

"இல்ல," என்றாள் லியோனா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது. அந்த முனகலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"நான் சபைக்காரன்லாம் இல்ல," என்று குனிந்து சொன்னான். "ரோடு கண்ணுக்கே தெரியல. விளக்கு தெரிஞ்சுது. உள்ள வந்தா காபி வாசனை."

"காபி கடைசிலதான்."

"அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"சும்மா எங்க? எந்திரிக்கணும், உக்காரணும், முழங்கால் போடணும், திரும்ப எந்திரிக்கணும்."

"டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். இதுவே போதும்போல."

லியோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எல்டன் பீல் வந்தார்.

எல்டன் ஆலயத்தின் வார்டன், வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. ஆயுசெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் அந்தக் கண்டிப்பு இன்னும் அவரிடம் இருந்தது. லாரிக்காரனின் தோளில் இரண்டு விரலை வைத்துக் குனிந்தார்.

"மன்னிக்கணும் தம்பி. இந்த இடத்துல ஆள் இருக்கு."

"இந்தம்மா யாரும் இல்லைன்னாங்களே?"

"பின்னாடி ஹீட்டர் பக்கத்துல நல்ல இடம் இருக்கு, வாங்க. கதகதன்னு இருக்கும்."

அவன் லியோனாவைப் பார்த்தான். அவள் கையுறையை வாயிலிருந்து எடுத்தாள். அதற்குள் ஆர்கன் ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் எழுந்து எல்டன் பின்னால் போனான். பெஞ்சில் அவன் உட்கார்ந்த இடம் கொஞ்சம் ஈரமாக இருந்தது. பிரசங்கத்தின் நடுவில் அவனுடைய வயர்லெஸ் கரகரத்தது. காபிகூடக் குடிக்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

பிரசங்கமும் ஜெபங்களும் முடிந்தன. சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. அந்தச் சபையில் அது சீக்கிரம் முடியாது. எல்லோரும் நடைபாதைக்கு வந்து, "சமாதானம் உண்டாவதாக" என்று கைகொடுத்து, அப்படியே இடுப்பு வலியையும் பேரப்பிள்ளைகளையும் விசாரிப்பார்கள். எல்டன் வழக்கம்போல லியோனாவின் கையை மெதுவாக, முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். அவள் விடவில்லை.

"எல்டன், யார் இருக்காங்க அங்க?"

"எங்க?"

"என் பக்கத்துல. ஆள் இருக்குன்னு சொன்னீங்களே."

எல்டனின் காது மடல் சிவந்தது. "அது மெரிலோட இடம் லியோனா."

"மெரில் செத்துப்போயிட்டாரு."

"அதான். அவர் இடத்த நாங்க யாரும் எடுத்துக்கல." அவர் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "மூணு வருஷமா காப்பாத்திட்டு வர்றேன். வெயில் காலத்துல வெளியூர்க்காரங்க வருவாங்களே, வாசல்லயே நின்னு வேற பக்கம் திருப்பிவிடுவேன். ஒரு தடவ பிஷப் வீட்டம்மாவையே நகத்தியிருக்கேன்."

"அந்தம்மா கோச்சுக்கிட்டாங்க," என்றாள் பின்னால் நின்ற டார்க்கஸ். "இருந்தாலும் எல்டன் விடல."

லியோனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் ஒரே கனிவு. வெகுநாளாக ஒளித்துவைத்த பரிசுப்பொட்டலம் கடைசியில் பிரிக்கப்படுகிறது என்பதுபோன்ற முகங்கள்.

"என் மேல நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள்.

பலிபீடத்தருகே நின்றிருந்த போதகரம்மா பிலிப்பா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"ஐயோ லியோனா," என்றாள் டார்க்கஸ்.

"சோப்பை மாத்தினேன். கோட்டை முகர்ந்து பாத்தேன். ஏதாவது பேசிட்டேனா, யார் மனசையாவது நோகடிச்சிட்டேனான்னு ராத்திரியெல்லாம் ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். நீங்க எல்லாரும் எனக்கு நல்லது பண்ணிட்டு இருந்திருக்கீங்க!"

"நீதான்டி கைய வெச்ச," என்றாள் டார்க்கஸ். அவள் கண் கலங்கியிருந்தது. "அடக்கம் முடிஞ்சு வந்த முதல் ஞாயிறு. நீ தனியா இருக்கியேன்னு நான் வந்தேன். உக்காரப் போனேன். நீ அந்த இடத்துல கைய விரிச்சு வெச்ச. என்னைப் பாக்கக்கூட இல்ல. நான் திரும்பிப் போயிட்டேன். எல்டன் பாத்தார். அன்னைலேர்ந்துதான் இதெல்லாம்."

லியோனாவுக்கு அது நினைவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நினைவில்லை. கையுறையைத் தேடியிருக்கலாம். மரம் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கலாம். ஒருவேளை டார்க்கஸ் சொன்னதுபோலவே இருக்கலாம்.

"சரி," என்றாள். "இப்ப கைய எடுத்துட்டேன். யாராவது வந்து உக்காருங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டால் தங்கள் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடக்கூடிய ஜனங்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. "நீங்க போங்களேன் எல்டன்." "இல்ல இல்ல, டார்க்கஸ்தான் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்." "எனக்கு எப்படியோ இருக்கு. மெரில் மேலயே உக்கார்ற மாதிரி..." இப்படியே மரியாதையாக ஒருவர் மற்றவரை முன்னே தள்ளிக்கொண்டிருந்தபோது, ஆர்கன்காரர் பொறுக்கமாட்டாமல் காணிக்கைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் தப்பித்தோம் என்று அவரவர் பெஞ்சுக்குப் போனார்கள்.

லியோனா சுவரோரம் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு இன்னும் நீளமாகத் தெரிந்தது.

அந்த வாரம் பனி விடவில்லை. வாசல் வழிக்கப்பட்டிருந்தது, சூப் வந்தது. அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நோரீனிடம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வரேன். மே மாசம் வரேன். ஃப்ளோரிடாவில் ஒரு ஆலயம் இருக்கும். அங்கே யாருக்கும் மெரிலைத் தெரியாது. யார் வேண்டுமானாலும் வந்து அவள் பக்கத்தில் உட்காருவார்கள். எவ்வளவு சுலபம். தொலைபேசியை எடுத்துப் பாதி எண்ணை அழுத்திவிட்டு வைத்தாள். ஞாயிறு வரைக்கும் தவணை இருக்கிறதே, அப்புறம் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு அவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்டன் நடைபாதையில் நடந்து வந்தார். டை கட்டியிருந்தார். தலை படிய வாரியிருந்தது. மூன்றாவது பெஞ்சருகே நின்று தொண்டையைச் செருமினார்.

"உக்காரலாமா?"

"போதகரம்மா சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல. டார்க்கஸ் தானே போறேன்னு சொன்னா. ஆனா இத்தனை நாள் காவல் நின்னது நான். நானேதான் முதல்ல உக்காரணும்னு தோணிச்சு."

"அப்ப வாசல்ல யாரு?"

"வாசல் கெடக்கட்டும். வர்றவங்க வந்து எங்க வேணாலும் உக்காரட்டும்." சொல்லும்போதே அவர் முகம் வலித்ததுபோல் சுருங்கியது.

உட்கார்ந்தார். பல் பிடுங்கப் போனவர் உட்காருவதுபோல, முதுகு சாயாமல், இரண்டு கையும் முழங்கால்மேல். முதல் பாட்டுக்கு எழுந்தபோது பாட்டுப்புத்தகத்தை அவள் பக்கம் நீட்டினார். ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள். எல்டனுக்குச் சுருதி எப்போதுமே கிடையாது. வாசலில் நின்று பாடியபோது தெரியாதது இப்போது காதருகே கேட்டது. அவர் தோள் அவள் தோளில் பட்டது. கோட்டையும் மீறி வெதுவெதுப்பாக இருந்தது. மனித உடம்புக்கு இவ்வளவு சூடு உண்டு என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன் என்று நினைத்தாள்.

இரண்டாவது சரணத்தில் அவள் பாடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். புத்தகத்தை ஒரு கை பிடித்திருந்தது, ஆனால் விரல் இடுக்கில் கிரீஸ் கறை இல்லை. கால் இரண்டும் ஒழுங்காக மடங்கி நின்றன. அந்த இடம் காலியாக இருந்தவரைக்கும் இந்த ஊர் தன்னை ஒதுக்கிவிட்டது என்ற ஒரே துக்கம்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்த இடம் நிரம்பிவிட்டது, மெரிலால் அல்ல. இனிமேல் ஒருபோதும் மெரிலால் நிரம்பாது. மூன்று வருஷம் கழித்து, பாட்டின் நடுவில், இப்போதுதான் அவளுக்கு மெரில் செத்துப்போனார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமாக வந்தது.

எல்டன் வெலவெலத்துப்போனார். "தப்பு பண்ணிட்டேன். எனக்கு அப்பவே தெரியும். நான் போயிடறேன் லியோனா, இப்பவே பின்னாடி போயிடறேன்." நடைபாதைக்கு ஒரு காலை எடுத்துவைத்துவிட்டார்.

அவள் அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க."

"அழறீங்களே."

"அழத்தான் அழறேன். அதுக்கு நீங்க ஏன் போகணும்?"

அவர் உட்கார்ந்தார். சபை முழுக்கப் பாடிக்கொண்டே இவர்களைப் பார்க்காமல் பார்த்தது. டார்க்கஸ் மட்டும் பாடவில்லை. லியோனாவுக்கு மூக்கு ஒழுகியது. எல்டன் பை பையாகத் தடவி, கடைசியில் ஒரு கசங்கிய காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஃப்ளோரிடாவில் யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் அது வெறும் இடமாகத்தான் இருக்கும். இங்கே இந்த மனுஷன், தான் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து, முள்மேல் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருக்கிறார்.

"சாயங்காலம் என் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணணும்," என்றாள். "வரலைன்னு சொல்லணும்."

"எங்க வரல?"

"ஃப்ளோரிடாவுக்கு."

எல்டன் யோசித்தார். இந்தச் சேதி எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"அங்க ரொம்ப வெயில்னு சொல்லுவாங்க," என்றார்.

பாட்டு முடிந்தது. போதகரம்மா ஜெபத்துக்குக் கையை உயர்த்தினார். லியோனா மூக்கைச் சிந்திக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை, கொஞ்ச நாளைக்கு நிற்காது என்று தெரிந்தது. பக்கத்தில் எல்டன், எழுந்து நிற்பதா உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல், அவளுக்காகக் காத்திருந்தார்.